சவரிமுத்து மோரில் கலந்து குடித்த இன்சுலின்

மருந்துக்கடைக்காரனுக்கு வரும் தலைவலிக்கு மட்டும் எந்தக் கடையிலும் மாத்திரை கிடையாது. கல்லாவில் உட்கார்ந்து காது தேய்ந்தவர்களே, உங்களுக்குத் தெரியாததா? எண்பதுகளில் கடத்தூரில் நான் பட்ட பாட்டைக் கேளுங்கள்.

டை கட்டிய மேதை

மருந்து விற்க வரும் கம்பெனி ரெப் ஒருவர் இருந்தார். அவர் டையைக் கொண்டு, தொப்பூர் மலையில் நின்றுபோன லாரியையே கட்டி இழுக்கலாம். ஒருநாள் ‘பெப்டைடு டானிக்’ என்று ஒரு பாட்டிலை நீட்டினார். பெப்டைடு என்றால் அமினோ அமிலங்களை மணிமணியாகக் கோத்த சின்னச் சரமாம். நீளமாகக் கோத்தால் புரதமாம். குடித்தால் சரம் என்ன ஆகும் என்றேன். வயிற்றுக்குள் அறுந்து உதிர்ந்துவிடும் என்று ஒப்புக்கொண்டார். முட்டை தின்றாலும் அதுதானே நடக்கிறது என்றதற்கு மனுஷன் முகம்கூடச் சுளிக்கவில்லை.

“முட்டையில லேபிள் ஒட்ட முடியாதுங்களே.”

மோர் வைத்தியம்

சவரிமுத்து பக்கத்து ஊர் விவசாயி. முரட்டு மீசை, முற்றிய சர்க்கரை. காலில் புண் ஆறவில்லை. இப்படியே போனால் காலை எடுக்க வேண்டியதுதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். தவறாமல் இன்சுலின் வாங்குகிற ஆளுக்கு ஏன் இப்படி என்று துருவினேன். ஊசிக்குப் பயந்து, ஐயா அதை மோரில் ஊற்றிக் குடித்திருக்கிறார். இன்சுலினும் பெப்டைடுதான், வயிற்றில் போனால் அறுந்து பாழ், ஊசியில் போனால்தான் முழுசாக ரத்தத்தில் சேரும் என்று தொண்டை வறளச் சொன்னேன்.

“வவுத்துக்குள்ள போனாலும் ஒடம்புக்குள்ளதானுங்க போவுது?”

வீரரின் அடுத்த கேள்வி

அதே மூச்சில் மாட்டுக்கு ஆக்ஸிடோசின் கேட்டார். கன்று செத்த மாடு. பால் சுரக்க வேளாவேளைக்கு இவரே ஊசி போடுகிறாராம். மாட்டைக் கெடுக்காதே என்று கால்நடை டாக்டர் திட்டியும் பயனில்லை. இதுவும் ஒன்பது மணி கோத்த பெப்டைடுதான், இதை ஏன் மோரில் கலக்கவில்லை என்றேன். பக்கத்தில் அவர் மனைவி ஆரோக்கியம் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

“அது மாடுங்க. அதுக்குப் பயமா தெரியும்?”

ஆரோக்கியத்தின் கை

ஆரோக்கியம் மாட்டு மருந்தை என் பக்கமே தள்ளிவிட்டு, ஆளுக்குப் போடும் புது கண்ணாடி சிரிஞ்சு கேட்டார். அதைக் கொதிக்க வைப்பதையும், அளவையும், குத்தும் இடத்தையும் டாக்டரிடம் போய்க் கற்றுக்கொண்டார். மறுநாள் சவரிமுத்து போட்ட கூச்சலை ஹாரன் என்று நினைத்து, அதியமான்கோட்டையில் லாரிகள் ஒதுங்கி வழிவிட்டன. ஆனால் புண் ஆறியது. பிறகு இரண்டு காலிலும் நடந்து கடைக்கு வந்தவரை முன்னால் விட்டு, ஆரோக்கியம் சொன்னார்:

“மாடுகூட நின்னு வாங்கிக்கும்ங்க. இவரத்தான் கட்டுத்தறியில கட்ட வேண்டியிருக்குது.”

பெப்டைடு என்றால் என்ன என்று இன்றைக்கு எவன் வந்து கேட்டாலும், வாயால் போனால் ஒரு முட்டை, ஊசியால் போனால் பிழைத்த ஒரு கால் என்று சொல்லி அனுப்பிவிடுகிறேன்.