கண்ணாடி கிளாஸில் ஒரு சாயா

எனக்கு மனச்சிதைவு நோய். மாத்திரையால் ஓரளவு தேறி, மட்டாஞ்சேரியில் மனிதர்களோடு பேசிப் பழகுவதற்கான பயிற்சி வகுப்புக்குப் போகிறேன். முகத்தைப் பார்த்து, வேண்டியதை நிதானமாகக் கேட்க வேண்டும் என்று அங்கே பழக்கினார்கள்.

எங்கள் தெரு சாயாக்கடையில் எல்லோருக்கும் கண்ணாடி கிளாஸ். எனக்கு மட்டும் பேப்பர் கப். ஒருநாள் கடைக்காரரின் முகத்தைப் பார்த்து, "சேட்டா, எனக்கும் கிளாஸ்ல தாங்க" என்றேன். மறுக்காமல் தந்தார். வகுப்பில் சொன்னபடியே சிரித்து, நன்றி சொன்னேன்.

குடித்து வைத்ததும் அந்தக் கிளாஸை என் கண்ணெதிரே குப்பைத்தொட்டியில் போட்டார். "இனி இதுல யாரு குடிக்கும்?" என்றார். பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்தார்கள்.

இதற்கு என்ன செய்வதென்று வகுப்பில் சொல்லித்தரவில்லை. இப்போது தினமும் அங்கேதான் போகிறேன். முகத்தைப் பார்த்து, நிதானமாக, கிளாஸில்தான் கேட்கிறேன். தினம் ஒரு கிளாஸ் தொட்டிக்குப் போகிறது. நன்றி சொல்ல நான் மறப்பதில்லை.