சீரகத் தண்ணீர் ஊற்றிய பாட்டில்

பாலக்காட்டுப் பக்கம் எலப்புள்ளிக்கு வெளியே ஒரு தகரக் கொட்டகையில் மக்காச்சோளத்திலிருந்து பாட்டில் செய்துகொண்டிருந்தோம். சோளச் சர்க்கரையைப் புளிக்கவைத்து எங்கோ தயாரித்த பிளாஸ்டிக், அரிசி மாதிரி மணிமணியாக மூட்டையில் வரும். அதை உருக்கி, அச்சில் வைத்துக் காற்றை ஊதினால் பாட்டில். ஏழாம் வகுப்போடு நின்ற எனக்கு அதுவரை கிடைத்ததில் இதுதான் சுத்தமான வேலை. படுக்கையும் அந்த மூட்டைகள் மேல்தான். மணிகள் முதுகில் குத்தும். மழையில் நனைய வேண்டாம், அது போதும்.

பாட்டில் மண்ணில் மக்கும் என்று நம்பி மெஷின் வாங்கியவர் முதலாளி. கொட்டகைக்குப் பின்னால் ஒன்றைப் புதைத்து, அவ்வப்போது தோண்டச் சொல்வார். கழுவி வைத்தது போல வெளியே வரும். "பொறுடா, மக்கும்" என்பார், நான்தான் அவசரப்படுத்தியது போல.

வாங்க ஆளில்லை. பாலக்காட்டில் நன்னாரி சர்பத் கம்பெனி வைத்திருந்த பாய் ஒருவர் மட்டும் வந்து பார்ப்பதாகச் சொன்னார். அவர் ஆர்டர் தந்தால் மெஷின் ஓடும், என் படுக்கையும் இருக்கும். இல்லையென்றால் இரண்டும் போச்சு.

பாய் வந்து உட்கார்ந்ததும் முதலாளி, "நம்ம பாட்லுலயே தண்ணி குடுடா" என்றார். இந்தப் பக்கம் விருந்தாளிக்குத் தண்ணீர் என்றால் சீரகம் போட்டுக் கொதிக்கவைத்ததுதான். அடுப்பிலிருந்து இறக்கிய கையோடு ஊற்றி நீட்டினேன்.

பாட்டில் முதலில் தோளைக் குறுக்கியது. பிறகு இடுப்பை மடக்கியது. உள்ளே இடம் குறையக் குறைய, தண்ணீர் தானாக வாய்வரை ஏறித் தரையில் வழிந்தது. பாய் கைக்குட்டையால் பாட்டிலைப் பிடித்தபடி பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன மொதலாளி, பாட்டில் சலாம் வைக்குது?"

"சூட்டுக்குங்க பாய். சர்பத்து ஆறுனதுதானுங்களே, ஒண்ணும் ஆவாதுங்க."

"சர்பத்து நாலு நாள்ல தீந்துரும். அப்புறம் அந்தக் காலி பாட்டில்ல வீட்டுக்காரம்மா சீரகத் தண்ணி ஊத்திப் புள்ளைக்குக் குடுத்து விடும். இங்க எவன் பாட்டில தூக்கிப் போடறான்?"

தூக்கி எறிகிற பாட்டிலைப் பற்றித்தான் நாங்கள் யோசித்திருந்தோம். எறியாத பாட்டிலைப் பற்றி யாரும் யோசிக்கவில்லை.

"அப்பச் சனங்கள ஆத்தி ஊத்தச் சொல்லிருவமுங்க" என்றார் முதலாளி.

"பாலக்காட்டுக்கேவா?"

"சொல்லிப் பாக்கறமுங்க."

சனங்கள் சொன்னபடி கேட்டார்களானால் ஆர்டர் தருகிறேன் என்று சிரித்துக்கொண்டே பாய் கிளம்பினார்.

மறுநாளிலிருந்து என் வேலை அதுதான். வீடு வீடாகப் போய், இலவசமாக ஒரு பாட்டிலைக் கொடுத்து, சூடாக ஊற்றாதீர்கள் என்று சொல்வது. வாசலில் குடத்தோடு நின்ற ஒரு அக்கா முழுக்கக் கேட்டார்.

"இதச் சொல்றதுக்குச் சம்பளம் வேற குடுக்கறாங்களா?"

"குடுக்கறாங்கக்கா."

"நல்லாருங்க. காலைல தண்ணி கொதிக்கறப்பவே பஸ்ஸு ஆரன் அடிச்சிருவான். தண்ணி ஆறற வரைக்கும் அவன நீ நிறுத்தி வெக்கறயா?"

சாயங்காலம் இதை அப்படியே முதலாளியிடம் சொன்னேன். அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டு வெகுநேரம் யோசித்தார்.

"எந்த பஸ்ஸுடா?" என்று கேட்டார்.

நான் மூட்டைகளுக்கு நடுவிலிருந்து என் துணிகளை எடுத்துக்கொண்டேன். மாட்டுப்பட்டிப் பக்கம் ஒரு பால் பண்ணையில் சாணி அள்ள ஆள் தேடுவதாகக் கேள்விப்பட்டிருந்தேன்.