அன்ரன் நேர்ந்துவைத்த என் கால்கள்

செய்தி வந்தபோது நான் டென்மார்க்கின் பிரெடெரிசியா நகரில் பேருந்துத் தரிப்பில் நின்றிருந்தேன். தொலைபேசியில் அன்ரனின் மனைவி றெஜினாவின் பெயரைக் கண்டதுமே விளங்கிவிட்டது. அவள் எப்போதும் என் மனைவியைத்தான் அழைப்பாள். "அண்ணை, இவர் போயிட்டார். காலமைதான். கஷ்டப்படேல்லை" என்றாள். நான் ஏறவேண்டிய பேருந்து வந்து போனது. அடுத்ததும் போனது.

அன்ரனைத் தெரிந்த உங்களுக்கு அவருடைய வாயைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. இருபத்திரண்டு வருடம் ஒரே தொழிற்சாலையில் பொதிசெய்யும் பகுதியில் வேலை செய்தோம். ஒரே காரில் போய் வந்தோம். அவர் குருநகர்க் கத்தோலிக்கர். நான் பெந்தெகொஸ்தே சபையில் மேளம் அடிக்கிறவன். அதனால் எனக்கு அவர் வைத்த பெயர் 'பாஸ்டர்'. காரில் ஏறினால் புனிதர்களைப் பற்றிச் சண்டை தொடங்கும். தொழிற்சாலை வாசலில்தான் முடியும். "கடவுளோட கதைக்க உமக்கு மைக் வேணும், எனக்கு மெழுகுதிரி வேணும். கேக்கிறவர் ஒராள்தானே, ஐசே" என்பார்.

எனக்கு இருதயத்தில் சத்திரசிகிச்சை செய்து, நான் கண் விழித்தபோது கட்டிலடியில் அவர்தான் இருந்தார். சுகம் கேட்கவில்லை.

"பாஸ்டர், உமக்கொரு வேலை வைச்சிருக்கிறன். ஸ்பெயினில சந்தியோகுமையோர், உங்கட ஆக்கள் யாக்கோபு எண்டுற அப்போஸ்தலர், அவற்ற கோயிலுக்கு நடந்து போற பாதை இருக்கு. நீர் பிழைச்சால் கடைசி நாள் நடையை உம்மை நடக்கவைச்சு, கோயிலுக்குள்ள கூட்டிக்கொண்டு வாறனெண்டு நேர்ந்துபோட்டன்."

"என்ர காலை ஆரைக் கேட்டு நேர்ந்தனீர்?"

"நீர் மயக்கத்தில கிடந்தீர். ஆரைக் கேக்கிறது?"

பிள்ளைக்கு மொட்டை போடுவதாகத் தாய் நேர்ந்துவைப்பது நம் ஆட்களுக்குப் புதிதல்ல. ஐம்பது வயதுப் பெந்தெகொஸ்தேக்காரனுடைய காலைப் புனிதருக்கு நேர்ந்துவைத்தவர் அன்ரன் ஒருவராகத்தான் இருப்பார். ஆறு வருடம் சாட்டுச் சொல்லித் தப்பினேன். முழங்கால் என்றேன், லீவு இல்லை என்றேன், எங்கள் சபையில் இது இல்லை என்றேன். போன வருடம் அவர் பகிடி எதுவும் விடாமல் வந்து, "இந்த முறை போவம்" என்று மட்டும் சொன்னார். கழுத்தில் சட்டை தொளதொளவென்று கிடந்தது. ஏன் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

நடக்கிற அன்று காலையில் யாத்திரிகர் விடுதி முழுக்க இருமல். எழும்பிப் போய்ப் பார்த்தால், அன்ரன் சமையலறையில் செத்தல் மிளகாய் தாளிக்கிறார். முதல்நாள் ஊறப்போட்ட கடலையை அவித்து, தேங்காய்ச் சொட்டும் போட்டுப் பிரட்டிக்கொண்டிருந்தார். நேர்த்தி முடிந்தால் கோயில் வாசலில் கடலை கொடுக்க வேண்டுமாம். விடுதிக்காரப் பெண் கண்ணைத் துடைத்தபடி யன்னல்களைத் திறந்தாள். அன்ரன் அவளுக்கும் ஒரு கிண்ணம் நீட்டினார்.

யூக்கலிப்டஸ் மரங்களுக்கு நடுவே, மஞ்சள் அம்புக்குறிகளைப் பார்த்துப் பார்த்து நடந்தோம். ஒவ்வொரு சிலுவையடியிலும் அவர் நின்றார். "செபிக்கிறீரோ, களைப்பாறுகிறீரோ?" என்று நக்கலடித்தேன். "ரெண்டும் ஒண்டுதான்" என்றார். மத்தியானம் கடந்தபின் ஒரு மேட்டுக்கு வந்தோம். தூரத்தில் கோயில் கோபுரங்கள் தெரிந்தன. இன்னும் ஒரு மணித்தியாலத்து நடை. அன்ரன் புல்லில் இருந்துவிட்டார். உதடு நீலம் பாரித்திருந்தது. அப்போதுதான் நுரையீரலில் வருத்தம் என்று சொன்னார். வசந்தத்திலேயே டொக்டர் சொல்லிவிட்டாராம்.

எனக்கு வந்த கோபம் கொஞ்சமல்ல. "விசரோ உமக்கு? வாரும், டாக்சி பிடிப்பம்" என்று கத்தினேன்.

"எனக்குக் கோபுரம் தெரியுது, அது காணும். நேர்ந்தது உம்மட காலை. நீர் போய் முடியும். உள்ள போய்க் கும்பிட்டால்தான் நேர்த்தி நிறைவேறும். அது நிறைவேறாமல் நான் செத்தால், உமக்கு ஏதும் வந்திடுமெண்டு பயமாக் கிடக்கு."

அதைச் சொல்லும்போது அவர் சிரிக்கவில்லை. பக்கத்துக் கடைக்காரரிடம் அவரைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, கடலைச் சட்டியை முதுகுப்பையில் வைத்துக்கொண்டு நடந்தேன்.

கோயில் முற்றத்தில் சட்டியைத் திறந்துவைத்து, போவோர் வருவோருக்கெல்லாம் கடலை நீட்டினேன். பதற்றத்தில் என் வாயில் வந்தது 'வெர்ஸ்கோ', எடுங்கள் என்பதற்கு டென்மார்க்கில் சொல்லுகிற சொல். ஸ்பானியர் ஒன்றும் விளங்காமலே அள்ளிச் சாப்பிட்டார்கள். சட்டி வெறுமையானதும் வாசலுக்குப் போனேன். உள்ளே சனம் வரிசையாய்ப் போய்ப் புனிதரின் சிலையைக் கட்டிப்பிடிப்பது தெரிந்தது. சிலைக்கு முன்னால் நிற்பதில்லை என்று ஞானஸ்நானம் எடுத்த அன்று சொன்னவன் நான். கால் எழும்பவில்லை. வெளியிலேயே நின்று, என் உயிருக்காகவும் அன்ரனுக்காகவும் எனக்குத் தெரிந்தபடி செபித்தேன். அழுதேன்.

டாக்சியில் மேட்டுக்குத் திரும்பினேன். அன்ரன் வீதியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உள்ள போனீரோ?"

"ஓம்" என்றேன்.

"கும்பிட்டீரோ?"

"ஓம்."

அவருடைய முகம் அப்படித் தெளிந்ததை நான் வேறு எந்த நாளிலும் கண்டதில்லை. பிறகுதான் டாக்சியில் ஏறினார்.

அந்தப் பொய்யை எட்டு மாதம் சுமந்தேன். அடக்கம் முடிந்த மறுநாள், பொறுக்கமுடியாமல் றெஜினாவிடம் சொல்லிவிட்டேன். அவள் திடுக்கிடவில்லை.

"அவருக்குத் தெரியும், அண்ணை. வந்த அண்டைக்கே சொன்னவர். 'பாஸ்டர் உள்ள போகேல்லை. போகவும் மாட்டான். ஆனால் எனக்காக ரெண்டுதரம் பொய் சொன்னவன். அவன்ர சபையில பொய் எவ்வளவு பெரிய பாவமெண்டு எனக்குத் தெரியும். இதுக்குமேல ஆர் ஆருக்கு நேர்த்தி செய்யேலும்? நிறைவேறிட்டுது, றெஜினா' எண்டவர்."

சபையில் என் பாவங்களை ஒவ்வொன்றாகச் சொல்லி மன்னிப்புக் கேட்பவன் நான். அந்த இரண்டு 'ஓம்'களுக்கு மட்டும் இதுவரை கேட்கவில்லை. கேட்கப்போவதுமில்லை. அன்ரனிடமிருந்து எனக்கு மிஞ்சியது அவைதான்.