பழைய பித்தளைக்குப் புது மங்கு

பழைய பாத்திரம் வாங்கி விற்கும் தொழிலில் முதலில் தேய்கிறது தூக்குகிறவளின் கழுத்துதான். தலையில் கூடையோடு ஊர் ஊராக நடந்த கழுத்து உங்களுக்கும் இருந்தால், நான் சொல்வது பாதியிலேயே புரிந்துவிடும். அதற்கு நல்ல தைலம் ஏதாவது தெரிந்தால் எனக்கும் சொல்லுங்கள்.

நாங்கள் பிரிக்பீல்ட்ஸில் செங்கல் சூளைக்குப் பின்னால் ஒரு வாடகை அறையில் இருந்தோம். என் வீட்டுக்காரர் மரம் அறுக்கும் பட்டறையில் வேலை பார்த்தவர். ஒருநாள் கட்டை உருண்டு அவருடைய வலது கால் நசுங்கிப் போனது. அதற்குப் பிறகு கோல் ஊன்றி வாசல்வரைக்கும் வருவார், அவ்வளவுதான். அதனால் கூடையை நான் தூக்கினேன்.

சீனர் கடையில் மங்குத் தட்டும் குவளையும் எடுப்பேன். மங்கு என்றால் தகரத்தில் வெள்ளைப் பூச்சுப் பூசி, நடுவில் பூப்போட்டது. அப்போது அதற்கு அப்படி ஒரு மோகம். கிள்ளான், காஜாங், டெங்கில் பக்கத்துத் ரப்பர்த் தோட்டங்களுக்குப் போய், கூலிக்காரர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்து வீடுகளில் மங்கைக் கொடுத்துவிட்டுப் பழைய பித்தளையை வாங்கி வருவேன். வீட்டுக்காரர் புளி போட்டுத் தேய்ப்பார். நல்லதை பிரிக்பீல்ட்ஸ் வீடுகளில் விற்பேன். ஓட்டை உடைசலெல்லாம் கிள்ளானில் ஒரு சீன முதலாளியின் உருக்குப் பட்டறைக்குப் போகும். ரப்பர் விலை விழுந்து, தோட்டங்களில் ஆள் குறைத்து, சனங்களைக் கப்பல் கப்பலாகச் சொந்த ஊருக்குத் திருப்பி அனுப்பிய வருஷங்கள் அவை. என் கூடை நிறைந்ததும் அந்த வருஷங்களில்தான். அதைச் சொல்ல எனக்குப் பெருமை ஒன்றும் இல்லை.

ரெங்கசாமி

பிரிக்பீல்ட்ஸில் கணக்கெழுதும் ஒரு கிராணி வீட்டு அம்மா என்னிடம் ஒரு பித்தளைக் குடம் வாங்கினார். கழுத்துக்குக் கீழே புள்ளி புள்ளியாக ரெங்கசாமி என்று பேர் வெட்டியிருந்தது. "யாரு இந்த ரெங்கசாமி? தேய்ச்சு எடுத்துட்டுக் கொடு" என்றார். தேய்த்தால் அந்த இடம் மெலிந்து ஓட்டை விழும் என்று பொய் சொன்னேன். அவர் முணுமுணுத்துக்கொண்டே, பேரைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்துக்கொள்வதாகச் சொல்லி எடுத்துக்கொண்டார்.

நான் பொய் சொன்னதற்குக் காரணம் அஞ்சலை. காஜாங் பக்கத்துத் தோட்டத்தில் ரப்பர்ப் பால் மரம் வெட்டியவள். புருஷன் ரெங்கசாமி காய்ச்சலில் போய் இரண்டு வருஷம் ஆகியிருந்தது. இரண்டு பெண் குழந்தைகளோடு அடுத்த கப்பலுக்குப் பேர் கொடுத்திருந்தாள். ஒரு இடுப்பில் சின்னது, ஒரு கையில் பெரியது, இதில் குடத்தை எங்கே தூக்குவது? இரண்டு மங்குக் குவளை போதும் என்றாள். குடத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, வியாபாரப் புத்தியில், "பேரு இருந்தா விலை போகாது, சுரண்டிடணும்" என்று சொல்லிவிட்டேன்.

கையிலிருந்த குவளைகளைக் கீழே வைத்துவிட்டாள். குடத்தை மடியில் வைத்துக்கொண்டு அந்தப் புள்ளிகளை விரலால் தடவினாள். பிறகு அதை என் கூடையில் அவளே வைத்தாள்.

"பேர மட்டும் அழிக்காதீங்கக்கா. அவரு இந்த ஊருக்கு வந்தாருங்கறதுக்கு வேற எங்கயும் எழுத்து இல்ல."

வந்த ஆளுக்குச் சீனக் கோப்பை

எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு யாழ்ப்பாணத்து அம்மா இருந்தார். மகனுக்கு ஆபீசில் பெரிய வேலை கிடைத்தது. துரைமார்கள் வீட்டுக்கு வருவார்கள், பித்தளைத் தட்டு மரியாதையாக இருக்காது என்று சீனப் பீங்கான் தட்டு, அவர்கள் பேச்சில் கோப்பை, வாங்கி அடுக்கிவிட்டான். பழைய தட்டுகளை எடுத்துப் போகச் சொல்லி எனக்கு ஆள் அனுப்பினார்கள். டஜன் தட்டு, எண்ணினால் பதினொன்று. இன்னொன்று எங்கே என்று கேட்டேன். அவர் என்னை அடுப்படிக்குக் கூட்டிக்கொண்டு போய், விறகுக்குப் பின்னால் துணியில் சுற்றி வைத்திருந்ததைக் காட்டினார். மகன் வெளியே போன பிறகு அதில்தான் சாப்பிடுகிறாராம்.

"சீனக் கோப்பை வாற ஆக்களுக்கு, இது எனக்கு. நான் இந்த வீட்டுக்கு வந்த ஆள் இல்லைத்தானே, பிள்ளை?"

விற்பதற்கு இல்லை

என் வீட்டுக்காரருக்கு ஒரு வியாதி பிடித்தது. நான் கொண்டுவரும் மூட்டையை அவிழ்ப்பார், தேய்ப்பார், நாலில் ஒன்றைத் தன் பக்கம் நகர்த்தி வைத்துக்கொண்டு, "இது விக்கிறதுக்கு இல்ல" என்பார். வயிறு நசுங்கிய கூஜா, மூக்கு வளைந்த எண்ணெய்த் தூக்கு, காம்பில் மயில் செதுக்கிய கரண்டி, பிடி தேய்ந்த முறுக்கு உழக்கு. பழைய பட்டறையிலிருந்து பலகை வரவழைத்து அலமாரி அடித்துவிட்டார். "நான் கழுத்து ஒடியத் தூக்கிட்டு வர்றேன், நீங்க கொலு வைக்கிறீங்களா?" என்று சத்தம் போடுவேன். அவர் கூஜாவை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருப்பார்.

ஆனால் உள்ளதைச் சொல்லவேண்டும். சாயங்காலம் நான் கால் கழுவிவிட்டு உள்ளே வந்தால், இன்றைக்கு எந்தப் பாத்திரத்தில் சமைத்தார் என்று பார்ப்பதே ஒரு சந்தோஷம். ஒருநாள் மழை பிடித்துக்கொண்டது. ஓலை வேய்ந்த அத்தாப்புக் கூரையில் விழும் சத்தத்தில் பேசினால் கேட்காது. அந்த முறுக்கு உழக்கில் மாவு பிழிந்து சுட்டார். முதல் ஈடு கருகியது, இரண்டாவது உடைந்தது, மூன்றாவது நன்றாக வந்தது. மூன்றையும் அடுப்புப் பக்கத்தில் உட்கார்ந்து தின்றோம். கூஜாவிலிருந்து காபியை ஊற்றி ஆற்றிக் கொடுத்தார். எங்களுக்குப் பிள்ளை இல்லை, சொந்த நிலம் இல்லை, அவருக்கு ஒரு கால் இல்லை. அந்த ஒரு மணி நேரத்தில் எதுவும் குறைவாகத் தெரியவில்லை.

தோட்டம் தோட்டமாகத் துணி மூட்டை தூக்கி விற்கும் காதர் அண்ணன் அன்றைக்கு மழைக்கு ஒதுங்க வந்தார். என் அலமாரியை மேலிருந்து கீழே பார்த்தார்.

"நான் துணி விக்கிறேன், என் பொண்டாட்டி ஒட்டுப் போட்டுக் கட்டுறா. நீ பாத்திரம் விக்கிற, உன் வீடு இப்படி மின்னுது. ரகசியத்தச் சொல்லிக்குடு, தங்கச்சி."

ஞாயிற்றுக்கிழமை வருகிறவர்

வேலாயுதம் என்று ஒருவர், ரோட்டு வேலையில் இருந்தவர். வேலை போனதும் வீட்டு இட்லிக் கொப்பரையைக் கொண்டுவந்து கொடுத்துக் காசு வாங்கிக்கொண்டு அரிசி வாங்கப் போனார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்தார். எதுவும் வாங்கவில்லை. கொப்பரை மூடியைத் திறந்து உள்ளே பார்த்தார், மறுபடி மூடினார், "வரேங்க்கா" என்று போய்விட்டார். அதற்கடுத்த ஞாயிறும் வந்தார். அதற்குப் பிறகு அந்தக் கொப்பரையை யாராவது கேட்டால் அடியில் ஒழுகுகிறது என்று சொல்லிவிடுவேன்.

இரண்டு மாதம் இப்படிப் போனது. ஒருநாள் என் வீட்டுக்காரர் பொறுக்கமாட்டாமல், "எடுத்துட்டுப் போங்க, எதுவும் தரவேணாம்" என்றார். வேலாயுதம் எழுந்து நின்றுவிட்டார். "வெல குடுக்க எங்கிட்ட இல்ல. சும்மா வாங்கிக்க என்னால ஆகாது. பாத்துட்டுப் போக மட்டும் விடுங்கண்ணே" என்றார். அதோடு அந்தப் பேச்சை விட்டோம்.

மூன்றாவது மாதம் ஒரு ஞாயிறு, அவர் மூடியைத் திறந்த நேரம் வாசலில் ஒரு பெண் நின்றாள். அவர் பெண்சாதி, பின்னாலேயே வந்திருக்கிறாள். அவள் முகத்தைப் பார்த்ததும் அவர் மூடியைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். என் வீட்டுக்காரர் கொப்பரையை எடுத்து அவள் கையில் கொடுத்தார். அவள் மறுக்கவில்லை. முந்தானையால் மூடி இடுப்பில் வைத்துக்கொண்டு சந்துவரைக்கும் போனவள், திரும்பி வந்து என்னிடம் மட்டும் சொன்னாள்.

"கள்ளுக்கடைக்குத்தான் போறாருன்னு மூணு மாசமா அவர வாய்க்கு வந்தபடி பேசிட்டேங்க்கா."

பெரட்டு

டெங்கில் தாண்டி ஒரு தோட்டம். முப்பது வீட்டு லயம். போன தடவை அங்கே பொன்னம்மா என்றவள் சிவப்புப் பூ வேண்டாம், நீலப் பூப்போட்ட தட்டுதான் வேண்டும் என்று சொல்லியிருந்தாள். மூன்று கடை ஏறித் தேடி வாங்கிக்கொண்டு, காஜாங்கிலிருந்து மாட்டுவண்டியில் வந்து இறங்கினேன். விடிகாலையில் பேர் கூப்பிட்டு ஆளை எண்ணும் பெரட்டுத் திடல் காலியாக இருந்தது. வேலை நேரம்தானே என்று நினைத்தேன். லயத்துக்குப் போனால் அங்கேயும் ஒரு சத்தம் இல்லை. எல்லாக் கதவும் திறந்து கிடந்தது.

ஒவ்வொரு வாசலிலும் ஒரு அம்மிக்கல், மேலே குழவி. கப்பலுக்கு அதைத் தூக்கிப் போக முடியுமா? துணியையும் சட்டியையும் எடுத்தவர்கள் கல்லை மட்டும் வாசலில் வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். சிலர் கழுவிக் கவிழ்த்திருந்தார்கள். பொன்னம்மா வீட்டுக் கல்லில் மஞ்சள் இன்னும் ஒட்டியிருந்தது. நீலப் பூத்தட்டைக் கையில் வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் அங்கே நின்றேன் என்று எனக்குத் தெரியாது. தோட்டத்துக் காவல்காரர் என்னைக் கண்டு வந்தார். எப்போது போனார்கள் என்று கேட்டேன். அவர் என்னைப் பார்க்காமல் அந்த வரிசையைப் பார்த்துச் சொன்னார்.

"நேத்துக் காலையிலம்மா. ஆளுங்க எல்லாம் போயிட்டாங்க, கல்லுங்கதான் பெரட்டுக்கு நிக்குது."

கீல்

அடுத்த மழைக்காலத்தில் என் வீட்டுக்காரர் காய்ச்சலில் விழுந்தார். எட்டாம் நாள் காலையில் போய்விட்டார். இதைப் பற்றி அதிகம் எழுத எனக்கு வராது.

கருமாதி முடிந்து சனமெல்லாம் போன பிறகு அலமாரி மட்டும் எனக்கு எதிரே நின்றது. அத்தனையும் அவர் தேய்த்தது. தேய்த்தவர் இல்லாமல் எதற்கு இப்படி மின்னுகிறது என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. இரண்டு சாக்கில் வாரிப் போட்டேன். கிள்ளானுக்கு ரயில் ஏறி, உருக்குப் பட்டறை முதலாளியிடம் கொட்டினேன். சீனர்கள் முதலாளியைச் சொல்வதுபோல் அவரைத் தவுக்கே என்றுதான் எல்லாரும் கூப்பிடுவோம். என்னோடு பேசிப் பேசியே தமிழ் கற்றவர், இடையிடையே அவர்கள் பேச்சின் ‘லா’ ஒன்றைப் போடுவார். மூட்டையைப் பார்த்தார், என் நெற்றியைப் பார்த்தார். "எல்லாமா?" என்றார். "எல்லாம்" என்றேன்.

வீட்டுக்கு வந்து அடுப்பு மூட்டினேன். கரண்டி எடுக்கக் கை தானாக அலமாரிக்குப் போனது. வெறும் பலகை தட்டுப்பட்டது. அப்போதுதான் நான் என்ன செய்துவிட்டேன் என்று எனக்குப் புரிந்தது.

மறுநாள் முதல் ரயிலில் ஓடினேன். பட்டறையில் மணல் அச்சைத் தட்டி உடைத்துக் கொண்டிருந்தார்கள். உள்ளேயிருந்து வரிசையாகக் கதவுக் கீல்கள் வந்தன, இன்னும் சூடு ஆறாமல். நான் வாயைத் திறப்பதற்கு முன்னாலேயே தவுக்கேக்குத் தெரிந்துவிட்டது. "நேத்தே ஊத்தியாச்சு. இதுல எது உன்னோடதுன்னு எனக்கும் தெரியாது" என்றார். நான் மணலிலேயே உட்கார்ந்துவிட்டேன். அழுதேனாம். அவர் உள்ளே போய் ஒரு சின்ன வெண்கலச் சோற்றுப் பானையைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். என்னுடையதுதான். எடைபோட்டுக் கொடுத்ததைத் திரும்ப எடுத்துக்கொள்ளச் சொன்னார். நான் கையெடுத்துக் கும்பிட்டேன். அது அவருக்குப் பிடிக்கவில்லை.

"கும்பிடாத லா. உனக்காக எடுத்து வைக்கல. பித்தளையோட வெண்கலம் சேந்தா கீல் ஒடஞ்சு போகும், அதான் தள்ளி வச்சேன்."

அன்றைக்கு அந்தப் பானையில் ஒரு ஆளுக்கு மட்டும் சோறு வடித்தேன். வெண்கலத்தில் வடித்த சோற்றுக்கு ஒரு மணம் உண்டு, உங்களுக்குத் தெரிந்திருக்கும். அடுப்புப் பக்கத்தில் உட்கார்ந்து தின்றேன். ருசியாகத்தான் இருந்தது. ருசியாக இருக்கிறதே என்று வெட்கமாகவும் இருந்தது. அடுத்த வாரம் கூடையைத் தூக்கினேன், கழுத்து வலியும் கூடவே வந்தது.

இத்தனை வருஷம் ஊரார் வீட்டு அடுப்படிகளைத் தலையில் சுமந்து நான் உருப்படியாகக் கற்றுக்கொண்டது ஒன்றே ஒன்றுதான்: ஆத்திரமாக இருக்கிற நாளில் கிள்ளானுக்கு ரயில் ஏறக்கூடாது.