உண்ணிக்குப் பயந்து கடற்கரையில் நின்றுகொண்டே இருந்த மைனி

போன மாசி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பசுவந்தனையிலிருந்து தூத்துக்குடி கடற்கரைக்குப் போய் வந்தோம். நான், என் அண்ணன், அவர் மனைவியான என் மைனி, ஆக மூன்று பேர். கடல் பார்க்கப் போகிறோம் என்றுதான் ஊரில் சொன்னோம். உண்மையில் போனது இருபத்தெட்டு ஆடுகளைக் காப்பாற்ற.

ஐப்பசி மழைக்குப் பிறகு மைனிக்கு உண்ணிக்காய்ச்சல் வந்து பத்து நாள் பெரியாஸ்பத்திரியில் கிடந்தார். அந்தக் காய்ச்சல் புதருக்குள் இருக்கிற பொடிப்பூச்சி கடித்து வருவது, ஆட்டு உண்ணி வேறு என்று டாக்டர் படித்துப் படித்துச் சொன்னார். மைனி நம்பவில்லை. வீட்டுக்கு வந்த நாளிலிருந்து வெளியே எங்கே போனாலும் உட்காருவதில்லை. ஒரு கல்யாணப் பந்தியில் நின்றுகொண்டே சாப்பிட்டார். பரிமாறுகிற ஆள் என்று நினைத்து நாலு பேர் அவரிடம் சாம்பார் கேட்டார்கள்.

கடற்காற்றில் ஒரு நாள் உட்கார்ந்துவிட்டு வந்தால் பயம் தெளியும் என்று அண்ணன் கூப்பிட்டார். மைனி சம்மதித்தார், ஒரு நிபந்தனையோடு.

"வாரேன். ஆனா அங்கன வச்சு என் மேல ஒத்த உண்ணி கண்டேன்னா, வார சனிக்கெழம எட்டயபுரம் சந்தையில அத்தன உருப்படியையும் வித்துப்புடணும். பேச்சு மாறக் கூடாது."

அண்ணன் வீட்டுச் சோறே அந்த ஆடுகள்தான். அதனால் ஞாயிறு விடியும் முன்னே நாங்கள் இருவரும் வெந்நீரில் அலசிக் காயவைத்திருந்த வேட்டி சட்டையைப் போட்டுக்கொண்டு, அவர் தலையை நானும் என் தலையை அவருமாகப் பார்த்தோம். குரங்குகள் பார்த்திருந்தால் வெட்கப்பட்டிருக்கும்.

காலை 6.50க்கு பஸ். தூத்துக்குடிக்குச் சுமார் நாற்பது கிலோமீட்டர், ஒன்றரை மணி நேரம். எங்களுக்குத் தலைக்கு முப்பத்தைந்து ரூபாய், மைனிக்கு இலவசம். மைனி காட்டு வேலைக்குப் போகிற மாதிரி சேலைக்கு மேல் அண்ணனின் முழுக்கைச் சட்டை போட்டு, காலுக்கு உறை மாட்டி, முழங்கால் வரை வேப்பெண்ணெய் தடவியிருந்தார். ஒரு சீசா எண்ணெய் பையிலும் இருந்தது. அந்த வாடைக்கு எங்களைச் சுற்றி மூன்று சீட் காலியானது. அப்படியும் மைனி நின்றுகொண்டுதான் வந்தார்.

"அக்கா, இம்புட்டு சீட்டு கெடக்கு, உக்காருங்க" என்றார் கண்டக்டர்.

"நீ டிக்கெட்டக் கிழி தம்பி. சீட்டு இடுக்குல என்ன ஊருதுன்னு உனக்குத் தெரியுமா?"

ஓட்டப்பிடாரம் வரும் வரை கண்டக்டரும் உட்காரவில்லை.

தூத்துக்குடியில் இறங்கி ஆட்டோவுக்கு நூற்றிருபது ரூபாய் கொடுத்து, ஒன்பது மணிக்குக் கடற்கரை சேர்ந்தோம். நல்ல காற்று, கூட்டம் குறைவு. கொஞ்சம் தள்ளி ஒருவர் மீன்வலையை உலர்த்திக்கொண்டிருந்தார். மைனி நடு மணலில் கம்பம் மாதிரி நின்றார். நானும் அண்ணனும் அவர் நிழலில் உட்கார்ந்துகொண்டோம்.

"மைனி, மீனுக்கு உண்ணி பிடிக்குமான்னு அந்த வலக்காரர்கிட்டக் கேட்டுட்டு வரட்டா?" என்றேன்.

"சிரியும், சிரியும். பத்து நாள் குளுக்கோஸ் ஏத்துனா உமக்கும் தெரியும்."

 

பதினொன்றரைக்கு மைனிக்கு முழங்கால் வலி வந்துவிட்டது. "ஏட்டி, இதுல புல்லு பூண்டு எதும் உண்டா? வெறும் மணலு. உக்காரு" என்று அண்ணன் கெஞ்சினார். நான் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து விரித்தேன். மைனி பாதி குனிந்துவிட்டார். அப்போதுதான் துண்டின் மடிப்பிலிருந்து கொள்ளுப் பயறு அளவில் ஒன்று காலை விரித்துக்கொண்டு வெளியே வந்தது.

அன்று விடியலில் வீட்டிலிருந்து புறப்படுகிற நேரத்தில் செவலை ஆடு குட்டி போட்டது. குட்டியை அந்தத் துண்டால் துடைத்துவிட்டு, உதறித் தலையில் கட்டிக்கொண்டு வந்திருக்கிறேன். வேட்டி, சட்டை, பை எல்லாம் சோதித்தோம். துண்டு இருவர் நினைப்பிலும் வரவில்லை. ஆடு மேய்க்கிறவனுக்குத் துண்டு துணிக் கணக்கில் வராது, அது தலைமுடி மாதிரி.

"பொறுங்க மைனி, ஒரு கல்லு கெடக்கு" என்று அதைப் பொத்திப் பிடித்தேன். மைனி உட்கார்ந்தார். நாலு மாதத்தில் முதல் தடவை! அண்ணன் முகத்தைப் பார்க்க வேண்டுமே.

ஆனால் என் கைக்குள் அது நடக்கிறது. தூக்கி எறியலாம் என்றால் காற்று மைனி பக்கம் அடிக்கிறது. எழுந்து போகலாம் என்றால் எங்கே என்று கேட்பார். இடது கையை மூடியபடியே புளிச்சோறு சாப்பிட்டேன். ஒரு மணி ஆயிற்று.

"என்ன கொழுந்தனாரே, இம்புட்டு நேரமா என்னயக் கேலி பண்ணல? மேலுக்குச் சொகமில்லையா?"

"ஒண்ணுமில்ல மைனி."

"அந்தக் கையத் தொறயும்."

"அதுல ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லாத கைய எதுக்குப் பொத்தி வச்சிருக்கீரு?"

திறந்தேன். உள்ளங்கை நடுவில் உட்கார்ந்திருந்தது. அண்ணன் கடலைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

மைனி குனிந்தார். முப்பது வருஷப் பழக்கம், இரண்டு விரல் நகத்தால் லாவகமாக எடுத்துத் திருப்பிப் பார்த்தார். "செவல காதுல கெடக்குற சாதி. இன்னும் ரத்தம் குடிக்கல." சொன்ன பிறகுதான் அது தன் விரலில் இருப்பது அவருக்கு உறைத்தது. விரலைப் பார்த்தார். எங்களைப் பார்த்தார். பையிலிருந்து எண்ணெய்ச் சீசாவை எடுத்து, அதற்குள் போட்டு மூடினார்.

"அப்ப... சனிக்கெழம?" என்றார் அண்ணன், கடலைப் பார்த்தபடியே.

"என் மேல கண்டாத்தான பேச்சு? இது யாரு மேல இருந்துச்சு?"

"இவன் மேல."

"அப்ப சந்தைக்கு இவரத்தான் ஓட்டிட்டுப் போவணும்."

"பல்லப் புடிச்சுப் பாத்தா இவன எவன் வாங்குவான்?" என்றார் அண்ணன். சிரிப்பா அழுகையா என்று தெரியாத குரல் அது.

நாலு மணி வரை மைனி வெறும் மணலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். உறையைக் கழற்றி அலையில் கால் நனைத்தார். 4.45 பஸ்ஸில் உட்கார்ந்தே வந்தார்.

போகிறவர்களுக்குச் சில வார்த்தை. நிழல் கிடையாது, குடை கொண்டு போங்கள். பத்து மணிக்கு மேல் மணல் சுடும். மழைக்காலத்தில் புதருக்குள் போனால் காலை மூடிக்கொள்ளுங்கள், துணியைச் செடி மேல் காயப் போடாதீர்கள். உண்ணி உடம்பில் கடித்துப் பிடித்திருந்தால் நசுக்காமல், மண்ணெண்ணெய் ஊற்றாமல், முள் எடுக்கிற சாமணத்தால் நேராக இழுங்கள். பிறகு காய்ச்சல் வந்தால் கடையில் மாத்திரை வாங்கித் தின்று காலத்தை ஓட்டாமல் ஆஸ்பத்திரிக்குப் போய், புதருக்குள் போனதையும் பூச்சி கடித்ததையும் சொல்லுங்கள். மைனி நாலு நாள் தாமதித்ததால்தான் ஆஸ்பத்திரியில் பத்து நாள் படுத்தார். பயந்தது தப்பில்லை, பயம் ஆட்டின் மேல் போனதுதான் தப்பு.

சனிக்கிழமை மூன்று பேரும் சந்தைக்குப் போனோம், ஒரு கிடாய் வாங்க. வியாபாரி விலையில் இறங்கி வர நேரமாகும் என்று தெரிந்ததும், மைனி சேலையை ஒதுக்கிக்கொண்டு ஆடுகளுக்கு நடுவே தரையில் உட்கார்ந்துவிட்டார். நான்தான் துண்டை உதறி உதறிப் பார்த்தபடி நின்றுகொண்டே இருந்தேன்.