செங்கமலம் கொடுத்தது கெட்டி

"கொடையாளர்: திருமதி செங்கமலம், வயது நாற்பது. தொழில்: இல்லத்தரசி, வேலை ஏதுமில்லை. தம்பி மீது கொண்ட அளவற்ற அன்பினால், எவருடைய வற்புறுத்தலும் இன்றி, தமது இடது சிறுநீரகத்தை மனமுவந்து அளிக்கிறார்."

உறுப்பு மாற்றுக்கு அனுமதி தரும் குழுவின் கோப்பில் இப்படித்தான் எழுதியிருக்கிறது. வேலை ஏதுமில்லாத இந்த அம்மாளின் கட்டைவிரல் ரேகையை அங்கிருந்த கருவி மூன்று முறை பார்த்துவிட்டு, மூன்று முறையும் தெரியவில்லை என்றது. ஆண்டிமடத்துப் பக்கம் இருபது வருஷமாக முந்திரிக்கொட்டை உடைத்த கை அது. ஓட்டிலிருந்து கசியும் எண்ணெய் பட்டுப் பட்டு ரேகையே போய்விட்டது. வேலை செய்யாத பெண்ணுக்கு விரல் எப்படித் தேய்ந்தது என்று குழுவில் யாருக்கும் தோன்றவில்லை.

அளவற்ற அன்பு விஷயத்தில் இன்னும் பெரிய சிக்கல்.

"தம்பி ஒங்கள வற்புறுத்துனாராம்மா?" என்று கேட்டார் அதிகாரி.

"அவனா? அவங்கிட்ட நான் பேசியே அஞ்சு வருஷமாச்சுங்களே."

அதிகாரி பேனாவை மூடி வைத்தார். "பேசாத தம்பிக்கா கிட்னி குடுக்கறீங்க?"

"கிட்னி வேணும்னுதான கேட்டாங்க. பேச்சு வேணும்னு யாரும் கேக்கலியே."

தம்பி பெண்டாட்டி வெற்றிச்செல்வி குறுக்கே புகுந்து, "சின்ன மனஸ்தாபம் சார், எல்லா வூட்லயும் உள்ளதுதான்" என்று கையைக் காலைப் பிடிக்காத குறையாகச் சொல்லித்தான் பேனா மறுபடி திறந்தது.

மனஸ்தாபம் சின்னதுதான். செங்கமலத்தின் மகள் பிரவீணாவுக்கு மூன்று வயதில் காது குத்தினார்கள். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துக் குத்த வேண்டும். தாய்மாமன் ராசாங்கம் அரியலூரில் சுண்ணாம்புக்கல் டிப்பர் ஓட்டிக்கொண்டிருந்தான். ஆசாரி வந்துவிட்டார், நல்ல நேரம் போய்க்கொண்டிருந்தது, மாமனைக் காணோம். கடைசியில் பக்கத்து வீட்டு வீரமணியின் மடியில் வைத்துக் குத்தினார்கள். பிள்ளை அழுததைவிடச் செங்கமலம் அதிகமாக அழுதாள். சாயங்காலம் வந்து நின்ற ராசாங்கம் தலையைச் சொறிந்துகொண்டு சொன்னது ஒரே வார்த்தை: "தூங்கிட்டேங்கா."

தொடர்ந்து இரண்டு ஷிப்ட் ஓட்டிவிட்டுப் படுத்தவன் எழுந்திருக்கவில்லை. அது உண்மை. அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை. "வண்டி கவுந்துருச்சுன்னு ஒரு பொய்யச் சொல்லியிருந்தா மன்னிச்சிருப்பேன். கூசாம உண்மையச் சொல்றான் பாரு" என்றாள். அன்றோடு பேச்சு நின்றது. மறுபடி பேச நேர்ந்தால் முதலில் கேட்க வேண்டியதை மட்டும் தயாராக வைத்திருந்தாள்: "தூக்கம் தெளிஞ்சுதாடா தாய்மாமா?"

டிப்பர் சீட்டில் இடுப்பு கழன்றுபோக, ராசாங்கம் மருந்துக்கடையில் வலி மாத்திரையாக வாங்கி விழுங்கி, முப்பத்தாறு வயதில் இரண்டு சிறுநீரகத்தையும் தொலைத்தான். செங்கமலம் தன்னுடையதில் ஒன்றைக் கொடுத்தாள். அவனுடைய வலது அடிவயிற்றில் அதை வைத்துத் தைத்தார்கள். ஆஸ்பத்திரியில் அடுத்தடுத்த அறையில் கிடந்தபோதும் அவள் ஜன்னல் திரையைப் பார்த்துத்தான் பேசினாள்: "கஞ்சி குடிச்சானான்னு கேளு." அவன் விட்டத்தைப் பார்த்துப் பதில் சொன்னான்: "குடிச்சாச்சுன்னு சொல்லு." நடுவில் நின்று கேட்கவும் சொல்லவும் வெற்றிச்செல்விக்கு நேரம் சரியாக இருந்தது.

இப்படியே நான்கு வருஷம். ராசாங்கம் டிப்பரை விட்டு ஜெயங்கொண்டத்தில் ஷேர் ஆட்டோ ஓட்டினான். நான்காம் வருஷம் பங்குனியில் ரத்தப் பரிசோதனையில், சிறுநீரகம் கழிக்க வேண்டிய உப்பு ஏறியிருந்தது. திருச்சி டாக்டர், சிறுநீரகத்தின் விறைப்பை அளக்கும் ஸ்கேன் பெரம்பலூரில் ஓரிடத்தில் இருக்கிறது, எடுத்து வாருங்கள் என்றார். வெற்றிச்செல்விக்கு அன்றைக்குக் காய்ச்சல். "கிட்னிக்குச் சொந்தக்காரி நான்தான, நானே போறேன்" என்று செங்கமலம் சுவரிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினாள்.

ஸ்கேன் எடுத்தவர் அனுசுயா என்ற இளம் டாக்டர். ராசாங்கத்தின் அடிவயிற்றில் பசையைத் தடவி, கருவியை அழுத்தாமல் பூப்போல வைத்தார். அழுத்தினால் கணக்கு தப்பிவிடுமாம். கருவி உள்ளே ஒரு அதிர்வை அனுப்புமாம். இளகின சதையில் அது மெதுவாகப் போகுமாம், இறுகின சதையில் வேகமாக ஓடுமாம். வேகத்தை வைத்து விறைப்பைச் சொல்லிவிடலாம்.

"மூச்ச அப்படியே நிறுத்துங்கய்யா."

ராசாங்கம் சிமென்ட் மூட்டையைத் தூக்கப் போகிறவன் மாதிரி நெஞ்சை நிமிர்த்தித் தம் கட்டினான். வயிறு பாறையானது. டாக்டர் கருவியை எடுத்துவிட்டார். இரண்டாம் தரமும் அப்படியே.

செங்கமலம் ஸ்கேன் மிஷினைப் பார்த்துச் சொன்னாள்: "தம் கட்டச் சொல்லல. பேச்ச நிறுத்துற மாதிரி சும்மா நிறுத்தச் சொல்றாங்க."

ராசாங்கமும் மிஷினைப் பார்த்தே சொன்னான்: "அதெல்லாம் அவங்களுக்குத்தான் பழக்கம்."

டாக்டருக்கு யார் யாரிடம் பேசுகிறார்கள் என்று விளங்கவில்லை. ஆனால் மூன்றாம் தரம் மூச்சு ஒழுங்காக நின்றது. பத்துத் தரம் அளந்தார். திரையில் நீலமும் மஞ்சளும், அங்கங்கே சிவப்பும். அளந்த எண்களில் நடுவாந்திரமானதைக் குறித்துக்கொண்டார்.

"கிட்னி கொஞ்சம் கெட்டியாயிருக்குங்கய்யா. இத மட்டும் வச்சு முடிவு சொல்ல முடியாது. வெள்ளிக்கிழமை திருச்சியில காட்டுங்க, சதை எடுத்துப் பாப்பாங்க."

முதல் வாக்கியத்துக்குப் பிறகு ராசாங்கம் எதையும் கேட்கவில்லை. முகம் மலர்ந்துவிட்டது. இந்தப் பக்கத்தில் ஆள் கெட்டி, சுவர் கெட்டி, படிப்பில் கெட்டி என்றால் எல்லாம் நல்லதுதான். நல்லதில்லாத கெட்டி ஒன்று இருக்கும் என்று அவன் எப்படிக் கண்டான்?

அவன் பசையைத் துடைத்துக்கொண்டு வெளியே போனான். செங்கமலம் மட்டும் நின்றாள்.

"கெட்டின்னா நல்லதுங்களாம்மா?"

டாக்டர் அவளை உட்காரச் சொன்னார். "நீங்கதான குடுத்தது? ஒங்க தையல் தழும்பத் தொட்டுப் பாருங்க."

சேலைக்கு மேலேயே தொட்டாள். கயிறு மாதிரி இருந்தது.

"கிட்னி இளக்கமா இருக்கணும். உள்ள தழும்பு விழ விழ இப்படித்தான் ஆகும். எதனாலன்னு சதை எடுத்துப் பாத்தாத்தான் தெரியும். குடுத்த கிட்னிய ஒடம்பு ஒதுக்காம இருக்கத்தான் மாத்திரை, அது நேரம் தவறக் கூடாது."

பெரம்பலூரிலிருந்து அரியலூர் வரும் பஸ்ஸில் ராசாங்கம் முன்னால் உட்கார்ந்து போனில் ஊரையே கூப்பிட்டான். "அக்கா குடுத்தது கெட்டியாம்டா! டாக்டரே சொல்லிருச்சு. இனிமே திருச்சி எதுக்கு? அடுத்த மாசம் டிப்பர் கேக்கலாம்னு இருக்கேன்." பிறகு பக்கத்து சீட்டுப் பெரியவரிடம், பின்னால் கேட்கட்டும் என்று உரக்க: "ஒம்போது வருஷம் பேசாம கெட்டியா இருக்குற பொம்பளைங்க. அதோட கிட்னி மட்டும் எளகிருமா?"

பெரியவர் சிரித்தார். செங்கமலத்துக்கும் சிரிப்பு வந்துவிட்டது. வந்த சிரிப்பு பாதியில் வேறாக மாறியது. முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினாள். எதிரே சுண்ணாம்புக்கல் டிப்பர்கள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன.

அரியலூர் பஸ் ஸ்டாண்டில் ஜெயங்கொண்டம் வண்டிக்கு நின்றார்கள். அவன் இரண்டு டீ வாங்கி, ஒன்றை அவளுக்கும் தனக்கும் நடுவே பெஞ்சில் வைத்தான். அங்கே பேசுவதற்குச் சுவர் இல்லை, திரை இல்லை, மிஷின் இல்லை. ஒன்பது வருஷமாகத் தயார் செய்து வைத்திருந்த வசவு தொண்டை வரை வந்து திரும்பிப் போனது.

"ராசாங்கம்" என்றாள்.

டீயை வாய்க்குக் கொண்டுபோனவன் திரும்பி அவள் முகத்தைப் பார்த்தான்.

"கெட்டின்னா நல்லதில்லடா."

தழும்பைப் பற்றி டாக்டர் சொன்னதை அப்படியே சொன்னாள். அவன் வலது அடிவயிற்றில் கையை வைத்துக்கொண்டு கேட்டான். வைத்த கையை எடுக்கவில்லை. தன் உயிரைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"ஒன்னோடதயும் கெடுத்துட்டனாக்கா?"

"ஆர்றா சொன்னா? எதனாலன்னு இன்னும் பாக்கணும்னாங்க. மாத்திர நேரத்துக்குப் போடுறல்ல?"

ஆட்டோ ஓட்டிவிட்டு ஆறு மணிக்கு வருவான். சாய்ந்தால் விடிந்துதான் விழிப்பான். ராத்திரி எட்டு மணி மாத்திரை எத்தனையோ நாள் உறையிலேயே இருந்திருக்கிறது. வெற்றிச்செல்வி கேட்டால் போட்டாச்சு என்பான். அவளிடம் பொய் சொல்ல முடிந்தவனுக்கு அக்காவிடம் முடியவில்லை.

தலையைச் சொறிந்தான். "தூங்கிட்டேங்கா."

அதே வார்த்தை. ஒரு தரம் அதைக் கேட்டு ஒன்பது வருஷம் வாயை மூடியவள், இந்தத் தரம் அவன் கையிலிருந்த டீயை வாங்கி வைத்துவிட்டு, அவன் கண்ணைத் தன் முந்தானையால் துடைத்தாள். ஜெயங்கொண்டம் பஸ் வந்தது; போனது. அடுத்த பஸ்ஸில் ஒரே சீட்டில் உட்கார்ந்து வந்தார்கள்.

வெள்ளிக்கிழமை திருச்சியில் சதை எடுத்துப் பார்த்தார்கள். தழும்பு பாதிக்கு மேல். இருப்பதைக் காப்பாற்றலாம், போனதை மீட்க முடியாது என்றார் பெரிய டாக்டர்.

மறுநாள் காலை எட்டு மணிக்கு ராசாங்கத்துக்குப் போன் வந்தது. "தூக்கம் தெளிஞ்சுதாடா தாய்மாமா? மாத்திரையப் போடு." அவன் தண்ணீர் குடிக்கும் சத்தம் கேட்ட பிறகுதான் வைத்தாள். ராத்திரி எட்டுக்கு மறுபடி. முந்திரிக் கொட்டகையில் கூட உட்கார்ந்து உடைக்கும் கலைமணியும் மற்றவர்களும், "ஒம்போது வருஷத்துப் பாக்கியையும் பேசித் தீத்துருவா போலருக்கே" என்று கேலி செய்தார்கள். எண்ணெய்க் கையோடு பிடித்துப் பிடித்துப் போனின் பின்பக்கம் கறுத்துவிட்டது.

பதினான்காம் மாதம் அந்தச் சிறுநீரகம் நின்றது. ராசாங்கம் மறுபடி டயாலிசிசுக்குப் போனான். டாக்டர் அந்த மாத்திரையை நிறுத்திவிட்டார். போன் மட்டும் நிற்கவில்லை. ஆடியில் ஒரு காய்ச்சல் வந்து, ஐந்து நாளில் அவனைக் கொண்டுபோயிற்று.

கோப்பில் கொடையாளர் பக்கத்தில் புதிதாக எதுவும் சேர்க்கப்படவில்லை. வேலை ஏதுமில்லை என்றே இருக்கிறது.

செங்கமலம் தன் தம்பிக்கு ஒரு சிறுநீரகம் கொடுத்தாள். பதினாறு மாதம், நாளுக்கு இரண்டு வேளை, அவனோடு பேசினாள்.