என் ஆயுளுக்குப் பிறகு கேட்கலாம்

எனக்கு எழுபத்தெட்டு வயது. ஐந்து பிள்ளைகளை வளர்த்தேன். இந்த ஐந்தில்தான் என் நாத்தனாருக்குத் தகராறு. "மூணுதான் அண்ணி நீங்க வளர்த்தது. கடைசி ரெண்டும் என் கணக்கு" என்பாள். நான் தஞ்சோங் பகாரில் அலுவலகங்களைப் பெருக்கித் துடைக்கப் போன வருடங்களில், அந்த இரண்டையும் தோ பாயோவில் அவள் வீட்டில்தான் விட்டிருந்தேன். அதைச் சொல்லிக்காட்டாத தீபாவளி எங்கள் குடும்பத்தில் வந்ததில்லை.

நான் இரண்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். எழுத்துக்கூட்டித்தான் படிப்பேன், எழுதினால் வரி மேலே ஏறிவிடும். அப்படிப்பட்டவளைத் தேடி ஒரு பல்கலைக்கழகத்தின் ஆவணக் காப்பகத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். பழைய ஆட்களின் வாழ்க்கையை அவரவர் குரலிலேயே பதிவுசெய்து வைக்கிறார்களாம். தேக்கா சந்தையில் காய்கறிக்காரர் என்னைக் கைகாட்டியிருக்கிறார், "அந்தம்மா நல்லா பேசுவாங்க" என்று. அது பாராட்டுதானா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

குளிர்ந்த அறையில் உட்காரவைத்து மைக்கை முன்னால் வைத்தார்கள். பேசினேன். நாத்தனாரைப் பற்றியும் பேசினேன். முடிந்ததும் அந்தப் பெண் ஒரு தாளை வாசித்துக் காட்டினாள். யார் வேண்டுமானாலும் கேட்கலாம், என் அனுமதி வாங்கிக் கேட்கலாம், இல்லையென்றால் என் ஆயுளுக்குப் பிறகுதான் கேட்கலாம். எது வேண்டும்?

"கடைசி."

"யோசிச்சு சொல்லுங்க பாட்டி."

"யோசிச்சாச்சு. பூட்டும்மா."

அதோடு வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். பெருமை தாங்காமல் நாத்தனாருக்கு போன் போட்டேன். "உன்னைப் பத்திப் பேசிப் பூட்டி வச்சிருக்கேன். நான் போனப்புறம் கேட்டுக்கோ."

அவள் சும்மா இருப்பாளா? கொஞ்ச நாள் கழித்து மீன் கடையில் பிடித்துக்கொண்டாள். "நானும் போய்ப் பேசிட்டு வந்துட்டேன் அண்ணி. உங்களைப் பத்தித்தான். பூட்டியாச்சு லா."

எனக்குத் தூக்கம் போயிற்று. முறுக்கு சுட்டு எடுத்துக்கொண்டு காப்பகத்துக்குப் போனேன்.

"அவ என்னம்மா சொன்னா?"

"அவங்க இங்க வந்தாங்களா இல்லையான்னுகூட நான் சொல்லக் கூடாது பாட்டி."

"சொல்ல வேணாம். சிரிச்சாளா, அழுதாளா? தலையை மட்டும் ஆட்டு, போதும்."

"பாட்டி!"

தலை ஆடவில்லை. முறுக்கையும் உள்ளே கொண்டுபோகக் கூடாதாம், பூச்சி வருமாம். வாசலில் நின்று இரண்டு தின்றாள். நல்ல பெண். எல்லாரும் இவளைப்போல வாயைக் கட்டினால் தேக்காவில் பாதிக் கூட்டம் இருக்காது.

ஆக, அவளுக்கு முன்னால் நான் போகக் கூடாது. நான் முந்திக்கொண்டால் அவள் என் பேச்சைக் கேட்டுவிடுவாள். அவள் என்ன பேசினாள் என்று எனக்குத் தெரியாமலே போய்விடும். அன்றிலிருந்து கோப்பி-ஓ கோசோங்தான்: பாலும் இல்லை, சர்க்கரையும் இல்லை, கஷாயம்தான். லிஃப்டை விட்டுவிட்டுப் படியேறினேன். இது எப்படியோ அவள் காதுக்குப் போயிற்று. அவளும், இப்போது மகனோடு வசிக்கும் பாசிர் ரிஸ்ஸில், கடலோரமாகக் கைவீசி நடக்கிறாளாம். எனக்கு இருமல் என்று தெரிந்ததும், "உடம்பைப் பாத்துக்கோங்க அண்ணி" என்று போன் செய்தாள். அந்தக் குரலில் இருந்த அக்கறை எனக்குப் பிடிக்கவில்லை.

"அப்படி என்னதான் திட்டி வச்சிருக்கீங்க பாட்டி?" என்று என் பேத்தி கேட்டாள்.

திட்டியிருந்தால் எதற்குப் பூட்ட வேண்டும்? அதையெல்லாம் நேரிலேயே சொல்லியாகிவிட்டது. நான் சொன்னது வேறு. என் கடைசிப் பையன் முதன்முதலில் பேசிய வார்த்தை 'அத்தை'. 'அம்மா' பிறகுதான் வந்தது. அந்த இரண்டையும் பெற்றது நான், வளர்த்தது அவள், என்னைவிடப் பொறுமையாக வளர்த்தாள் என்று மைக்கில் சொல்லிவிட்டேன். நான் உயிரோடு இருக்கும்போது இதை அவள் கேட்டால் என்ன ஆகும்? ஒவ்வொரு தீபாவளிக்கும் ஒலிபெருக்கி வைத்துப் போடுவாள்.

போன ஞாயிற்றுக்கிழமை நாத்தனார் வந்திருந்தபோது கேட்டேவிட்டேன். "நீ எதுக்கு அதைப் பூட்டினே?"

"நீங்க எதுக்குப் பூட்டினீங்களோ அதுக்குத்தான்."

அவளைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்காமல் டிவியைப் பார்த்தாள். நானும் டிவியைப் பார்த்தேன்.

இதையெல்லாம் எழுதிய இந்தத் தாளையும் அந்தக் காப்பகப் பெண்ணிடமே கொடுக்கப்போகிறேன், அதே பூட்டுக்குள். அதற்குமுன் பேத்தியை விட்டுப் பிழை பார்க்க வேண்டும். கண்ணு, இங்கே வந்து உட்கார். இன்றைக்கும் உன் அத்தைப் பாட்டி வந்து கூடத்தில் சீரியல் பார்க்கிறாள், அதனால் மெதுவாகப் படி. ஐந்து பிள்ளைகளை வளர்த்தேன் என்ற இடத்தை மட்டும் சத்தமாகப் படி.

என்ன இது, டிவி சத்தம் குறைகிறது? சரி, குறையட்டும். நீ முதலிலிருந்து படி.